யாரிடமும் சொல்லாத வாக்கியம்

பிப்ரவரி 5, திங்கள்

பத்தரை மணிக்குக் கரு வைத்தார்கள். பதினொன்றரைக்கு எழுந்து போகச் சொல்லிவிட்டார்கள். நான்காவது முறை என்பதால் செருப்பை எந்த மூலையில் விட்டால் தொலையாது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். "நல்லதா ஒண்ணு பொறுக்கி வெச்சிருக்கோம்" என்றார் டாக்டர். போன மூன்று தடவையும் நல்லதாகத்தான் பொறுக்கினார்கள்.

வெளியே மாமா ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகிப் பதினொரு வருடமாகியும் அந்த ஹாலில் மட்டும் பெண் பார்க்க வந்தவர் மாதிரியே உட்காருவார். என்னை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பைக்கில் முன்னால் போய், ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆட்டோக்காரருக்குக் கையைக் காட்டிக்கொண்டே வந்தார். கோயம்புத்தூர் ரோட்டுக்கு அவர் கையை இறக்கவே முடியவில்லை.

ரத்தப் பரிசோதனை 19ஆம் தேதி. அதுவரை நார்மலாக இருக்க வேண்டுமாம். நார்மலாக இருக்கத் தெரிந்தவர்கள் யாரும் அந்த ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை.

இரண்டு வாரம் வீட்டிலிருந்தே வேலை. ஷகிலா மேடத்துக்கு மட்டும் காரணம் தெரியும். எங்கள் அகராதிக்கு அவர்தான் தலைமைப் பதிப்பாசிரியர். "சும்மா இருந்தா பைத்தியம் புடிச்சுரும் கோகிலா. ஒரு சொல்லு தர்றேன், அதை வெச்சு அரைச்சுட்டு இரு" என்று போனில் சொன்னார். தமிழர் பேச்சில் புழங்கும் ஆங்கில வினைச்சொற்களுக்கு அகராதி போடுகிறோம். எனக்கு வந்த சொல், ட்ரை.

வேண்டுமென்றே கொடுத்தீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. பிறகு பட்டியலைப் பார்த்தேன். மிச்சமிருந்ததே அதுதான். 20ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டும்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ட்ரைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் வந்திருக்கின்றன. சீட்டு என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, இப்போது எல்லாம் போனில் நிரப்பும் படிவம்தான். ஊரெல்லாம் இருக்கிற பங்களிப்பாளர்கள் தங்கள் காதில் விழுந்த வாக்கியத்தை அப்படியே எழுதி அனுப்புவார்கள். கூடவே நான்கு விவரம் வேண்டும். பேசியவர் யார், யாரிடம், எங்கே, எப்போது. நான்கும் இருந்தால்தான் சான்று. ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். ஈவு இரக்கம் பார்ப்பதில்லை என்று எனக்கு அலுவலகத்தில் நல்ல பெயர்.

அனுப்பியவரின் எண் மட்டும்தான் எங்கள் திரையில் தெரியும். பெயர்ப் பட்டியல் அலுவலகத்தில் மரகதத்தின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. முன்பு இருந்த ஒருவர் தன் மச்சினன் அனுப்பிய குப்பையையெல்லாம் சான்று என்று ஏற்றிக்கொண்டதால் வந்த விதி அது.

போன தீபாவளிக்கு மாமாவையும் பங்களிப்பாளராகப் பதிய வைத்தேன். பொள்ளாச்சி, உடுமலை என்று தோட்டம் தோட்டமாகப் பம்பு செட் ரிப்பேருக்குப் போகிறவர், நாலு பேர் பேசுவதைக் கேட்கிறவர். "என்ற பேரு அதுல வருமா அம்மிணி?" என்று மட்டும் கேட்டார். வராது, அனுப்பியது யாரென்று எனக்கே தெரியாது என்றேன். இதுவரை ஒன்றும் அனுப்பியிருப்பார் என்று தோன்றவில்லை. வீட்டிலேயே பத்து வார்த்தை பேசாதவர் படிவத்தில் என்ன எழுதிவிடப் போகிறார்?

பிப்ரவரி 8, வியாழன்

சமையலறை அலமாரியைக் காலி செய்து, துடைத்து, பழையபடியே அடுக்கினேன். பிறகு ஏலக்காய் டப்பாவும் கிராம்பு டப்பாவும் இடம் மாறி இருப்பதாகப் பட்டது. மறுபடி காலி செய்தேன்.

சொல்லின் பிறப்பை எழுதி முடித்தேன். பழைய பிரெஞ்சில் ட்ரியே. பொறுக்கி எடு, நல்லது கெட்டதைப் பிரி என்று பொருள். அரிசியில் கல் பொறுக்குகிறோமே, அந்த வேலை. ஆங்கிலத்துக்கு வந்ததும் ஆராய்ந்து பார் என்றானது, கோர்ட்டுக்குப் போய் விசாரி என்றானது, பொறுமையைச் சோதி என்றும் ஆனது. நாம் இன்றைக்குச் சொல்கிற 'முயன்று பார்' அவற்றோடு சேர்ந்து வந்து, பிறகு எல்லாவற்றையும் ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் உட்கார்ந்துகொண்டது.

பிரெஞ்சுக்கு முன்னால் அது எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. வேர் தெரியவில்லை என்று எழுதுவது அகராதிக்காரிக்கு அவமானமில்லை, நானே பலமுறை எழுதியிருக்கிறேன். என் ஃபைலில் 'காரணம் தெரியவில்லை' என்று டாக்டர் எழுதியிருப்பதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

ஆறு மணிக்கு மாமா ஊசி போட்டார். எண்ணெய் மருந்து. குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டிச் சூடாக்குவார், அப்போதுதான் வலி குறையுமாம். எத்தனையோ மோட்டாரைப் பிரித்துப் பூட்டிய கை, துளி ஆடாது. போட்டு முடித்ததும் "ஆச்சு" என்பார். தினமும் அந்த ஒரு சொல்தான்.

பிப்ரவரி 9, வெள்ளி

உடம்பில் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை என்பதையும் உற்று உற்றுக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 10, சனி

பேச்சில் ட்ரைக்கு இருக்கும் பொருள்களைப் பிரித்தேன். ஒன்று, முயற்சி செய்வது. "வேற வேலைக்கு ட்ரை பண்றான்." இரண்டு, போட்டுப் பார்ப்பது, தின்று பார்ப்பது. "இந்தக் கலர் ட்ரை பண்ணிப் பாருங்க மேடம்." மூன்று, ஒரு பெண்ணின் பின்னாலேயே சுற்றுவது. இதற்குக் கல்லூரிப் பையன்கள் மட்டும் நாற்பது சீட்டு அனுப்பியிருக்கிறார்கள், அவர்கள் வேறு எதற்கும் ட்ரை பண்ணுவதில்லை போல.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது, நம் ஊருக்கென்றே உள்ளது. "கல்யாணத்துக்கு அவசியம் வந்துருங்க" என்று பத்திரிகை வைத்தால் "ட்ரை பண்றேனுங்க" என்று பதில் வரும். வரமாட்டேன் என்று அர்த்தம். பத்திரிகை வைத்தவருக்கும் அது தெரியும், இலையில் ஒன்றைக் குறைத்துக்கொள்வார். யார் மனமும் நோகாது.

நான்கு பொருள். அவ்வளவுதான்.

மாடியில் துணி காயப்போடப் போனபோது கீழ்வீட்டுச் சரசக்கா பிடித்துக்கொண்டார். "வேலைக்குப் போகலையா கண்ணு? ட்ரை பண்ணிட்டுதான இருக்கறீங்க?" எதை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "ஆமாங்க்கா" என்று சொல்லிவிட்டுப் பாதித் துணியை உதறாமலே கொடியில் போட்டுவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

புதிதாக ஒரு சீட்டு. பங்களிப்பாளர் 214. இதற்கு முன் இந்த எண்ணிலிருந்து எதுவும் வந்ததில்லை.

"இன்னொருக்கா ட்ரை பண்ணலாமுங்களானு கேட்டாங்க, நானும் தலைய ஆட்டிட்டேன்."

பேசியவர், ஆண், 42. இடம், கோயம்புத்தூர். நாள், ஜனவரி. யாரிடம் என்ற கட்டம் காலி. நாளும் முழுதாக இல்லை. நல்ல கொங்கு வாக்கியம், வீணாகக் கூடாதே என்று உடனே திருப்பி அனுப்பினேன். 'விவரம் போதவில்லை. முழுமை செய்து மீண்டும் அனுப்பவும்' என்ற வழக்கமான குறிப்புதான்.

அனுப்பும் பொத்தானை அழுத்திய கையோடு ஹாலில் மாமாவின் போன் டிங் என்றது. இந்தப் பம்பு கம்பெனிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகூட மனுஷனை விட மாட்டேன் என்கிறார்கள்.

பிப்ரவரி 13, செவ்வாய்

214 பதில் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று நான்கு முறை திறந்து பார்த்தேன். முந்நூறு சீட்டு இருக்கிறது, இந்த ஒன்றுக்கு என்ன அவசரம்?

பிப்ரவரி 14, புதன்

ஷகிலா மேடம் போன் செய்தார். நான் அனுப்பிய நான்கு பொருளையும் படித்திருக்கிறார்.

"நாலுதானா கோகிலா?"

"நாலுதான் மேடம்."

"எனக்குக் கல்யாணமாகி ரெண்டாம் வருசத்துலருந்து பாக்கறவங்க எல்லாம் கேட்டாங்களே, அது எங்க?"

"அதுக்குச் சீட்டு வரலை மேடம். சான்று இல்லாம எப்படிப் போடறது?"

"சரிம்மா, உடம்பைப் பாத்துக்க" என்று வைத்துவிட்டார். சான்று இல்லை என்று நான் சொன்னது உண்மைதான். பதினொரு வருடமாக வாரத்துக்கு ஒரு முறை காதில் விழுந்ததை நான் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

காலையில் 214 அனுப்பியது.

"போதும்னு சொல்லோணும்னு மூணு வருசமா ட்ரை பண்றேன், வாய் வரமாட்டேங்குது."

இந்த அகராதியில் நான் பார்த்ததிலேயே நல்ல சான்று. முதல் பொருளுக்கு இதை விட்டால் வேறு வாக்கியமே வேண்டாம். முயல்வதும் இருக்கிறது, முடியாமல் போவதும் இருக்கிறது. உடனே நட்சத்திரக் குறி போட்டு வைத்தேன்.

விவரங்களைப் பார்த்தேன். ஆண், 42. கோயம்புத்தூர். பிப்ரவரி 14. யாரிடம் என்ற கட்டத்தில் 'யாரிடமும் இல்லை' என்று இருந்தது.

விதி இருக்கிறது. யாரிடமும் சொல்லாத வாக்கியம் பேச்சு ஆகாது. மனதுக்குள் நினைத்தது, கதையில் படித்தது, தானாகச் சேர்த்து எழுதியது எதையும் எடுக்கக் கூடாது. அந்த விதியை எழுதிய மூன்று பேரில் நானும் ஒருத்தி. நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, 'சான்றாக ஏற்க இயலாது' என்று திருப்பி அனுப்பினேன்.

ஹாலில் டிங்.

மாமாவுக்கு இன்றைக்கு உடுமலையில் வேலை என்று சொன்னதாக நினைவு. போகவில்லை.

பிப்ரவரி 16, வெள்ளி

இன்று ஊசிக்கு முன்னால் மாமா குப்பியை வெகுநேரம் உருட்டிக்கொண்டே இருந்தார். "ஆச்சு" என்று சொல்லவில்லை.

பிப்ரவரி 17, சனி

எனக்குத் தெரியும். பதினொன்றாம் தேதியே தெரியும். 'தலைய ஆட்டிட்டேன்' என்று படித்தபோதே ஜனவரி மாதம் அந்த ஆஸ்பத்திரி அறையும், மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டரும், என் பக்கத்தில் ஆடிய தலையும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன. இந்த நோட்டில்கூட உண்மையை எழுத மனம் வராமல் பம்பு கம்பெனிக்காரர்களைத் திட்டியிருக்கிறேன்.

இன்று மதியம் முழுக்கப் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். முதல் தடவை தோற்ற அன்று எழுதியிருக்கிறேன், 'மாமாவுக்காக இன்னொரு முறை'. இரண்டாவது தடவை, 'மாமா ஆசைப்படுகிறார், நான் எப்படி வேண்டாம் என்பது'. மூன்றாவது தடவையும் அதேதான், கொஞ்சம் கிறுக்கலான கையெழுத்தில்.

மாமா எப்போது ஆசைப்படுகிறேன் என்று சொன்னார்? எங்கே வைத்துச் சொன்னார்? யாரிடம் சொன்னார்? ஒரு பக்கத்திலும் இல்லை. அவர் தலையை ஆட்டினார். நான் அதற்கு ஒரு வாக்கியத்தை நானாகவே எழுதி, அவர் வாயில் வைத்து, அதை நம்பி மறுபடி மூன்று முறை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிறேன். ஊரார் அனுப்பும் சீட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் தயவு பார்க்காமல் திருப்பி அனுப்புகிறவள் நான். என் வீட்டு வாக்கியத்தில் நான்கு கட்டமும் காலி. அதை ஏற்றுக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன்.

கோபம் கோபமாக வருகிறது. அவர் மேலா என் மேலா என்று தெரியவில்லை. மூன்று வருடமாகப் போதும் என்று நினைத்துக்கொண்டே தினமும் குப்பியை உருட்டியிருக்கிறார்.

நேராகப் போய்க் கேட்டிருக்கலாம். பத்து அடிதான். மடிக்கணினியைத் திறந்து, திருப்பி அனுப்பிய சீட்டின் கீழே விதியை மீறி ஒரு வரி சேர்த்தேன். 'சொல்ல வேண்டியவரிடம் சொன்ன பிறகு அனுப்பவும்.'

ஹாலில் டிங் என்றது. நான் அறையை விட்டு வெளியே போகவில்லை, அவரும் உள்ளே வரவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

மாமா காலையில் பைக்கைக் கழுவினார். சாயங்காலம் மறுபடியும் கழுவினார். ஊசி போடும்போது என்னவோ சொல்ல வாயெடுத்து, பஞ்சு எங்கே என்று கேட்டார். பஞ்சு அவர் கையில்தான் இருந்தது. நாளைக்குத் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 19, திங்கள்

ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்தோம். பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.

இல்லை.

டாக்டர் நல்லவர். முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனசைத் தளர விடாதீங்க. ரெண்டு மாசம் கேப் விட்டு இன்னொரு தடவை ட்ரை பண்ணலாம்" என்றார்.

நான் டாக்டரைப் பார்க்கவில்லை, மாமாவின் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடத் தொடங்கியது. பாதியில் நின்றது. "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்றார். பதினொரு வருடத்தில் ஒரு டாக்டரிடம் அவர் சொன்ன முதல் முழு வாக்கியம் அதுதான்.

வண்டி நிறுத்தும் இடத்துக்கு வந்தோம். என் ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தார். நான் மாட்டிக்கொள்ளவில்லை. மாட்டிக்கொண்டால் காது கேட்காது.

"போதும் அம்மிணி" என்றார்.

சொல்லிவிட்டுப் பைக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு தரம் கழுவிய பைக் வெயிலில் பளபளவென்று இருந்தது.

நான் அழுவேன் என்று நினைத்திருந்தேன். ஆனால் கத்தினேன். "மூணு வருசமுங்களா? மூணு வருசமா போதும்னு நெனச்சுட்டே எனக்கு ஊசி குத்துனீங்களா? என்ற இடுப்பு என்ன உங்க பம்பு செட்டா?" செக்யூரிட்டி திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்றிருந்தது.

"நீ ஆசையா இருக்கறன்னு நெனச்சேன்."

"அப்ப உங்களுக்கு ஆசை இல்லையா?"

"இருந்துச்சு. இப்பவும் இருக்குது" என்றார். "ஆனா நேத்து ஊசி குத்தறதுக்கு எடம் தேடுனேன் அம்மிணி. எங்க பாத்தாலும் கன்னிப்போய்க் கெடக்குது. எடமே இல்ல. எனக்கு நீ இருந்தாப் போதும்."

அப்போதுதான் அழுதேன். வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் என்னை நானே ஒருமுறைகூடக் கேட்டுக்கொண்டதில்லை என்று அவரிடம் சொன்னேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது என்று சொன்னேன். அந்தப் பிள்ளைகள் நான்கும் என்னைத் தாண்டிப் போய்விட்டன என்று, எப்போதும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன். அவர் பைக் துடைக்கும் துணியை எடுத்து நீட்டினார். அதில் எப்படி முகம் துடைப்பது என்று கேட்டேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுகை நிற்காமலே.

வழியில் பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் சாப்பிட்டோம். திரும்பும்போது எந்தப் பள்ளத்துக்கும் அவர் கை காட்டவில்லை. எல்லாப் பள்ளத்திலும் ஏறி இறங்கி வந்தோம்.

ஆறு மணிக்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம். இனி ஊசி இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் அங்கும் இங்கும் நடந்துவிட்டு, சேர்ந்து வெங்காயம் உரித்தோம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ட்ரை முடிந்தது. நான்கு பொருளை ஐந்தாக்கினேன். ஐந்தாவது, குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியைப் பற்றிப் பிறர் விசாரிக்கும் வழக்கு. எதை என்பது சொல்லப்படாது. சான்று, "ட்ரை பண்ணிட்டுதான இருக்கறீங்க?" பேசியவர், பெண், 60. யாரிடம், மாடி வீட்டுப் பெண்ணிடம். இடம், கோயம்புத்தூர், மொட்டை மாடி. நாள், பிப்ரவரி 10. கேட்டு எழுதியவர் கட்டத்தில் என் பெயரைப் போட்டேன்.

ஷகிலா மேடத்திடமிருந்து பதில் வந்தது. "இப்பத்தான் சரியா இருக்கு." அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. இந்த முறையும் இல்லை, இனி ட்ரை பண்ணப் போவதில்லை என்று போனில் நானே சொன்னேன்.

மத்தியானம், பதிவை மூடப் போகிற நேரத்தில், ஒரு சீட்டு வந்தது. பங்களிப்பாளர் 214. மாமா காலையிலேயே உடுமலைக்குக் கிளம்பிவிட்டார், ஏதோ ஒரு தோட்டத்தில் நின்றுகொண்டு அனுப்பியிருக்கிறார்.

"போதும் அம்மிணி."

பேசியவர், ஆண், 42. யாரிடம், மனைவியிடம். எங்கே, ஆஸ்பத்திரி, வண்டி நிறுத்துமிடம். எப்போது, பிப்ரவரி 19, மதியம் பன்னிரண்டு மணி.

நான்கு விவரமும் முழுசாக இருக்கின்றன. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வாக்கியத்தில் ட்ரை இல்லை. இந்தப் பதிவில் அதற்கு இடமில்லை, விதிப்படி திருப்பி அனுப்ப வேண்டும்.

அனுப்பவில்லை. அதை இந்த நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன்.